கிழிவதற்காகவே தைக்கப்பட்ட பட்டை

வடகிழக்கு இத்தாலியில் இருக்கும் டோலமைட்ஸ் மலைகளில், பாறையேற்றம் பழகாதவர்கள்கூடக் கோடை நாள்களில் செங்குத்துச் சுவர்களில் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பாறையில் துளையிட்டு இறுக்கிய இரும்பு முளைகள், அவற்றுக்கிடையே சுண்டுவிரல் பருமனில் ஓடும் எஃகு வடம், கால் வைக்க ஆங்காங்கே வளைந்த கம்பிப் படிகள், சில இடங்களில் ஏணி. இப்படி இரும்பு பொருத்திய மலைப்பாதைக்கு இத்தாலியர்கள் வைத்த பெயர் வியா ஃபெராட்டா. இன்று உலகின் பல பகுதிகளிலும் அந்தப் பெயர்தான் வழங்குகிறது.

வடத்தைப் பார்த்ததும் பலருக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிடுகிறது: 'கொக்கியை மாட்டியாயிற்று, இனி விழுந்தாலும் தாங்கிக்கொள்ளும்.' இந்த நம்பிக்கை பாதிதான் சரி. வடம் ஆளைத் தாங்கும். அந்தத் தாங்கலில் ஆள் பிழைப்பாரா என்பதைத் தீர்மானிப்பது வேறொன்று. இடுப்பில் ஒரு சிறு பைக்குள் மடித்து வைத்திருக்கும் நைலான் பட்டையும் அதன் தையலும்தான் அது.

ஏறுபவர் இடுப்பிலும் தொடையிலும் ஹார்னஸ் எனப்படும் கச்சையைக் கட்டியிருப்பார். அதிலிருந்து இரண்டு கைகள்போல இரண்டு வார்கள் பிரியும். ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கரபைனர், அதாவது உள்ளங்கையால் அழுத்தினால்தான் திறக்கும் கொக்கி. இரண்டையும் வடத்தில் மாட்டிக்கொண்டு ஏறினால் கூடவே வழுக்கிக்கொண்டு வரும். முளை வந்ததும் கரபைனர் தடுக்கும். அப்போது ஒன்றைக் கழற்றி முளைக்கு அப்பால் மாட்ட வேண்டும், பிறகு மற்றதை. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றுவதே கிடையாது. இவ்வளவையும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டுவிடலாம்.

கை நழுவினால் என்ன ஆகும்? கரபைனர் வடத்தில் கீழே வழுக்கிக்கொண்டே போய், கடைசியாகக் கடந்த முளையில் மோதித்தான் நிற்கும். அந்த முளை 4 மீட்டர் கீழே இருந்து, வாரின் நீளத்தையும் சேர்த்தால் விழுந்த தூரம் 5 மீட்டரைத் தொடும். ஆனால் அந்த வீழ்ச்சியை வாங்கிக்கொள்ள இருப்பது ஏறக்குறைய 1 மீட்டர் வார். பாறையேறிகள் விழுந்த தூரத்தைக் கயிற்றின் நீளத்தால் வகுத்து வீழ்ச்சியின் கடுமையைக் கணக்கிடுவார்கள். நீண்டு கொடுக்கும் கயிற்றில், துணைக்கு ஒருவர் பிடித்திருக்க ஏறும் வழக்கமான பாறையேற்றத்தில், இந்த எண் 2-ஐத் தாண்டாது. இங்கே 5 ஆகிறது, முளைகள் தள்ளித் தள்ளி இருந்தால் இன்னும் கூடும்.

80 கிலோ எடையுள்ளவர் 5 மீட்டர் விழுந்தால் சேரும் ஆற்றல் சுமார் 3,900 ஜூல். சாதாரண வார் 10 சென்டிமீட்டர் நீண்டு அவரை நிறுத்துவதாக வைத்துக்கொள்ளுங்கள். உடலில் இறங்கும் விசை சராசரியாக 39,000 நியூட்டன், அதாவது 4 டன் சுமைக்குச் சமம். முதுகெலும்பு தாங்காது, கரபைனரே முறிந்துபோகலாம். ஆற்றலைக் குறைக்க வழியில்லை என்றால் நிற்கும் தூரத்தைக் கூட்டியாக வேண்டும். மரத்திலிருந்து கட்டாந்தரையில் விழுந்தவனுக்கும் வைக்கோல் போரில் விழுந்தவனுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

அந்தத் தூரத்தைத் தருவதுதான் தையல். பைக்குள் இருக்கும் பட்டை இரண்டு மடிப்பாக ஒட்டித் தைக்கப்பட்டிருக்கும். விசை ஓர் அளவைத் தாண்டியதும் இழைகள் வரிசையாகக் கிழிய ஆரம்பிக்கும். மடிப்பு பிரியப் பிரிய ஆள் மெல்ல நிற்பார். 1.2 மீட்டர் கிழிந்தால், கூடுதலாக இறங்கிய தூரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டாலும் சராசரி விசை 4,000 நியூட்டனுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பத்தில் ஒரு பங்கு! ஒரு முறை கிழிந்த பட்டை குப்பைக்குத்தான்.

இதற்கு முன்பு துளைகள் கொண்ட ஓர் உலோகத் தகட்டில் கயிற்றைக் கோத்து, உராய்வால் நிறுத்தும் முறை இருந்தது. அதன் சில வடிவங்களில் ஒரு விபரீதம் உண்டு. ஒரு கரபைனரை மட்டும் மாட்டினால்தான் கயிறு தகட்டின் வழியே ஓடும். கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணி இரண்டையும் மாட்டியவருக்குத் தடுப்பான் வேலையே செய்யாது. எச்சரிக்கையாக இருப்பவரைத் தண்டிக்கும் கருவியைவிட மோசமான வடிவமைப்பு வேறு இருக்க முடியுமா?

கிழியும் பட்டையிலும் சிக்கல் வந்தது. 2012-இல் ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் ஒருவர் விழுந்தபோது, மீள்தன்மை கொண்ட இரண்டு வார்களுமே அறுந்து அவர் இறந்தார். ஆயிரக்கணக்கான முறை நீண்டு சுருங்கியதில் இழைகள் உள்ளுக்குள் நைந்திருந்தன. அதைத் தொடர்ந்து பல தயாரிப்புகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. 2017-இல் ஐரோப்பியத் தரவிதி திருத்தப்பட்டது. முன்பு 80 கிலோ எடையை வைத்து மட்டும் சோதித்தார்கள். இப்போது 120 கிலோவில் விசை 6,000 நியூட்டனையும், 40 கிலோவில் 3,500 நியூட்டனையும் தாண்டக் கூடாது.

40 கிலோ ஏன் முக்கியம்? எடை குறைந்தவர் விழுந்தால் தையல் சரியாகக் கிழியாது. பழைய பட்டையில் 6,000 நியூட்டன் விசை 40 கிலோ சிறுவன்மீது இறங்கினால், புவியீர்ப்பைப் போலப் பதினைந்து மடங்கு அதிர்ச்சி. 40 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளைப் பட்டையை மட்டும் நம்பி அனுப்பக் கூடாது. அனுபவமுள்ள ஒருவர் மேலிருந்து தனிக் கயிற்றால் பிடித்துக்கொள்ள வேண்டும். குடும்பத்தோடு போகலாம் என்று விளம்பரம் செய்பவர்கள் இதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

இவற்றில் எதுவும் இல்லாமல்தான் இந்தப் பாதைகள் பிறந்தன. ஃப்ரீட்ரிக் சிமோனி 1843-இல் ஆஸ்திரியாவின் டாக்ஸ்டைன் மலையில் இரும்பு முளைகளும் கயிறும் பொருத்தினார். டோலமைட்ஸில் இரும்பைப் பெருமளவில் கொண்டுவந்தது, 1915-இல் இத்தாலியும் இறங்கிய முதல் உலகப் போர். இத்தாலியப் படையும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையும் சிகரங்களில் பீரங்கியும் உணவும் ஏற்ற ஏணியும் கயிறும் கட்டின. பாறையைக் குடைந்து சுரங்கம் அமைத்தன. செப் இன்னர்கோஃப்லர் என்ற புகழ்பெற்ற மலைவழிகாட்டி 1915 ஜூலை 4 அன்று பாட்டர்ன்கோஃபெல் சிகரத்தைப் பிடிக்கப் போய் உயிரிழந்தார். இன்று அதே சிகரத்துக்கு ஏறுபவர்கள் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு போர்க்காலச் சுரங்கத்தைக் கடக்கிறார்கள்.

பட்டை உயிரைக் காக்கலாம், காலைக் காக்காது. விழும் வழியில் கம்பிப் படிகளும் பாறை விளிம்புகளும் இருக்கின்றன. வழக்கமான பாறையேற்றத்தில் பயிற்சிக்காகவே விழுவார்கள். வியா ஃபெராட்டாவில் விழவே கூடாது என்பதுதான் விதி. இரண்டு முளைகளுக்கு நடுவே ஒருவர்தான் இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். மேலே இருப்பவர் நழுவினால் கீழே இருப்பவர் தலையில்தான் வருவார். கை சோர்ந்தால், ஹார்னஸில் தனியாக இருக்கும் மூன்றாவது குட்டை வாரை முளையில் மாட்டித் தொங்கி ஓய்வெடுக்கலாம். அந்த வார் கிழியும் பட்டை வழியாகப் போவதில்லை, எனவே அதை நம்பி ஏறக் கூடாது.

வாடகைக்கு எடுப்பவர்கள் பையைத் திறந்து தையல் பிரிந்திருக்கிறதா, தயாரித்த ஆண்டு எது என்று பார்த்துக்கொள்வது நல்லது. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட நைலானை நம்பக் கூடாது. கோடையில் அங்கே பிற்பகல் இடிமழை வழக்கம். நீண்ட எஃகு வடம் மின்னலுக்கு நல்ல கடத்தி, அதில் கட்டுண்டு நிற்பவருக்கு ஓட வழியில்லை. அதனால்தான் வழிகாட்டிகள் விடிந்ததும் கிளம்பி, நண்பகலுக்கு முன் வடத்தை விட்டு விலகிவிடுகிறார்கள்.