இணையத்தில் நடப்பது புலனாய்வு இல்லை

"இணையப் புலனாய்வாளர்கள்" என்ற சொல்லை இனியும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒருவரைக் காணோம் என்று வீட்டார் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்த மை காய்வதற்குள், அவரை முன்பின் பார்த்திராதவர்கள் படத்தைப் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, "இவர்மேல்தான் சந்தேகம்" என்று காணொளி போடுகிறார்கள். ஆங்கிலச் செய்தியில் இவர்களை அமெச்சூர் டிடெக்டிவ் என்றோ வெப் ஸ்லூத் என்றோ எழுதுகிறார்கள். அதைத் தமிழாக்குகிறவர் கைக்கு முதலில் வருவது புலனாய்வு. தொலைக்காட்சியில் வந்தது, வார இதழில் வந்தது, இப்போது கும்பகோணத்தில் நான் மெய்ப்புப் பார்க்கும் அச்சகத்துக்கும் வந்துவிட்டது.

அவர்கள் செய்வதற்கு வழக்கிலுள்ள பெயர் ஊகம். வடமொழி 'ஊஹ' என்பதிலிருந்து வந்தது; ஆராய்ந்து கருதுதல் என்று பொருள். யூகம் என்பது அதன் திரிபு. போர் அணிவகுப்பைக் குறிக்கும் வியூகம் வேறு சொல். அதுவும் தமிழில் யூகம் என்று திரிந்ததால் குழப்பம். கருங்குரங்குக்கும் ஊகம் என்று பெயர் உண்டு, ஊகம்புல் என்று ஒரு புல்லும் உண்டு. அவற்றுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆங்கில ஸ்பெகுலேஷனுக்கு லத்தீனில் 'பார்த்தல்' வேர். பங்குச் சந்தையில் அதை ஊக வணிகம் என்று எழுதி நெடுநாளாகிறது, யாருக்கும் புரியாமல் போகவில்லை. சொற்பிறப்புக்கு இவ்வளவு போதும்.

சிக்கல் புலனாய்வில்தான் இருக்கிறது. புலன் என்றால் அறியப்படுவது. புலப்படுதல், புலமை எல்லாம் அந்தக் குடும்பம். புலனாய்வு என்பது சட்டத்தமிழில் வரையறுத்த பொருளோடு புழங்கும் சொல். 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் ஒரே மாதிரிதான் சொல்கின்றன: சாட்சியம் திரட்டுவதற்காகக் காவல் அதிகாரியோ, நீதித்துறை நடுவர் அதிகாரம் அளித்த ஒருவரோ எடுக்கும் நடவடிக்கைகள் எல்லாம் புலனாய்வு. இரண்டு கூறுகள் இதில் உண்டு. ஒன்று சாட்சியம், மற்றது அதிகாரம். காவல் நிலையத்தில் 'புலன் விசாரணை' என்று எழுதும் ஏட்டுக்குக்கூட இந்த வேறுபாடு தெரியும்.

ஒருவரைக் காணவில்லை என்ற வழக்கில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 'காணவில்லை' என்று முதல் தகவல் அறிக்கை பதிகிறார்கள். கைபேசி நிறுவனத்துக்கு எழுதி அழைப்பு விவரம் வாங்குகிறார்கள். கடைசியாக எந்தக் கோபுரத்தில் இணைப்பு இருந்தது என்று பார்க்கிறார்கள். பேருந்து நிலையம், ரயிலடி, பெட்ரோல் பங்க் கேமராக்களில் பதிவு அழிவதற்குள் எடுக்கிறார்கள். அடையாளம் தெரியாத உடல் பற்றிப் பக்கத்து மாவட்டங்களில் கேட்கிறார்கள். இதையெல்லாம் செய்தவர் ஒருநாள் சாட்சிக் கூண்டில் ஏறி, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டும். காவல்துறை இதை எப்போதும் ஒழுங்காகச் செய்கிறது என்று நான் வாதாடவில்லை. செய்யாதபோது "புலனாய்வில் குறை" என்று நீதிமன்றம் கடிந்துகொள்ள முடிகிறது. சொல்லுக்குப் பொருள் இருப்பதால்தான் குறை சொல்லவும் இடம் இருக்கிறது. வட்டம் போட்டவரை யார் குறுக்கு விசாரணை செய்வது?

"பொதுமக்கள் செய்தால் புலனாய்வு ஆகாதா?" என்று கேட்கிறார்கள். ஆகும், சாட்சியத்தை முன்வைத்தால். 2014இல் உக்ரைன் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட எம்எச்17 விமானம் பற்றிப் பெல்லிங்கேட் என்ற இணைய ஆய்வுக் குழுவினர் ஏவுகணை வண்டியின் படங்களை ஊர் ஊராக, சாலை சாலையாகச் சரிபார்த்து, எப்படிச் சரிபார்த்தோம் என்பதையும் வெளியிட்டார்கள். அவர்களைப் புலனாய்வாளர் என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. எந்தச் சட்டமும் அவர்களுக்கு அதிகாரம் தரவில்லை, ஆனாலும் சாட்சியம் மேசைமேல் இருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நம் காணொளிக்காரர்களின் மேசைமேல் இருப்பது ஒரு குடும்பப் படமும் அதில் ஒருவர் சிரிக்காமல் நிற்கிறார் என்ற கண்டுபிடிப்பும்.

துப்பறிவாளர் என்கிறார்கள் சிலர். துப்பு கையில் இருந்தால்தானே அறிவதற்கு? ஒற்றர் என்றாலோ இன்னும் மேலே போய்விடும். ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் கேட்பது சாதாரணக் கட்டுப்பாடா? "ஒற்றொற்றித் தந்த பொருளையும் மற்றுமோர் ஒற்றினால் ஒற்றிக் கொளல்." தன் ஒற்றன் நேரில் பார்த்து வந்து சொன்னதையே இன்னொருவனை விட்டுச் சரிபார்க்கச் சொல்கிறார்.

இனி தூய தமிழ் அன்பர்களிடம் வருகிறேன். ஊகம் வடசொல், அதனால் 'உய்த்துணர்வு' என்று எழுத வேண்டும் என்கிறார்கள். தமிழ்ச் சொல் கிடைக்கும் இடத்தில் தமிழ்ச் சொல்லே வேண்டும் என்பதில் எனக்கு அவர்களைவிடக் குறைந்த பிடிவாதம் இல்லை. ஆனால் உய்த்துணர்தல் என்பது தொல்காப்பிய மரபியல் சொல்லும் முப்பத்திரண்டு உத்திகளில் ஒன்று, "உய்த்துக்கொண்டு உணர்தல்". சொன்னதை வைத்துச் சொல்லாததை அறிவது அது. அதற்குப் பயிற்சி வேண்டும், அடிப்படையாக நூலில் ஒரு சொல்லாவது வேண்டும். இவ்வளவு உயர்ந்த சொல்லைக் கொண்டுபோய் ஒருவர் வாய்க்கு வந்ததைப் பேசுவதற்குப் பெயராக வைப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டு ஆகாது. 'கணிப்பு' என்று எழுதுவதும் அப்படித்தான். பஞ்சாங்கம் கணிக்கிறவருக்கு வாய்பாடு இருக்கிறது, வானிலை கணிக்கிறவருக்குக் கருவி இருக்கிறது.

நல்ல சொல் வேண்டுமென்றால் புகாரில் பிறந்தவளின் கதையைத் திறந்தால் போதும். மணிமேகலையின் 27ஆம் காதையில், சமயக்கணக்கர் தம் திறம் கேட்டபோது, அளவைவாதி ஒருவன் எப்படி அறிவது என்பதற்கு வரிசையாக வழிகளைச் சொல்லிக்கொண்டு போகிறான். கண்டதை வைத்துக் காணாததை அறியும் கருத்தளவைக்கு அவன் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, ஆற்றில் வெள்ளம் வருவதைப் பார்த்து மேலே மழை பெய்திருக்கிறது என்று உணர்வது. டெல்டாக்காரனுக்கு இதை விளக்க வேண்டுமா? ஆற்றில் செந்தண்ணீர் வந்தால் குடகில் மழை என்று திருவையாற்றில் படித்துறையில் உட்கார்ந்தபடி சொல்லிவிடுவார்கள். அது கருதல். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையே தலைமுறைகள் பார்த்த தொடர்பு இருக்கிறது.

அதே காதையில் கெட்ட வழிகளையும் எட்டாகப் பிரித்துச் சொல்கிறான். இப்பியை வெள்ளி என்று கொள்வது திரியக்கோடல். முயல் கொம்புபோல, சொல் இருப்பதனாலேயே பொருளும் இருப்பதாகத் தோன்றுவது இல்வழக்கு. இவற்றில் ஒன்று தேராது தெளிதல்: "செண்டு வெளியில் ஓராது தறியை மகன் என உணர்தல்." திறந்த வெளியில் நிற்கும் கட்டைத்தறியை, நின்று பார்க்காமல், ஆள் என்று முடிவு கட்டிவிடுவது. தறியா ஆளா என்று திகைத்தால் அது ஐயம். அதற்குத் தனிப்பெயர் கொடுத்திருக்கிறார் சாத்தனார். திகைப்பே இல்லாமல் முடிவுக்குப் போவதுதான் தேராது தெளிதல். தேர்தல் என்றால் ஆராய்தல். தேர்வு, தேர்ச்சி இரண்டிலும் அது இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்" தீராத துன்பம் தரும் என்று குறளும் சொல்கிறது. ஆகவே 'தேராத் தெளிவு' என்று எழுதலாம் என்பது என் கருத்து. "இருக்கலாம்" என்ற தயக்கத்தோடு சொன்னால் ஊகம். அடித்துச் சொன்னால் தேராத் தெளிவு.

எங்கள் பக்கத்தில் ஒருவரைக் காணோம் என்று தேடியபோது இதைக் கிட்டத்தில் பார்த்தேன். அரசலாற்றுப் படித்துறையில் அவருடைய செருப்பு இருந்தது. படம் எடுத்து யாரோ பரப்பிவிட்டார்கள். இரண்டு செருப்பும் நேராக, ஜோடியாக, சுவரோரம் இருந்ததாம். தவறி விழுந்தவன் செருப்பை அடுக்கி வைப்பானா, யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று ஊர் பெயர்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத ஒருவர் காணொளியில் தீர்ப்பு எழுதினார். இங்கே படித்துறையில் கால் நனைக்கிறவர் எவரும் செருப்பை மேல்படியில் ஓரமாக விட்டுவிட்டுத்தான் இறங்குவார். காவிரித் தண்ணீரில் செருப்புக் காலை வைக்க மனம் வராது. அடுத்த காணொளியில், "முழங்கால் அளவுத் தண்ணீர், இதில் எப்படி மூழ்குவார்?" என்று கேட்டார்கள். படம் எடுத்த அன்றைக்குத் தண்ணீர் விடும் முறை மாறி, ஆற்றின் தலைப்பு மதகில் ஷட்டர் இறக்கிவிட்டார்கள். அவர் காணாமல் போன அன்று தண்ணீர் மூன்றாம் படியைத் தொட்டுக்கொண்டு போனது. மதகைத் திறந்து மூடும் ஊழியரான லஸ்கரைக் கேட்டிருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருப்பார், ஒருவரும் கேட்கவில்லை. பழி அவருடைய மைத்துனர்மேல் விழுந்தது. சில வாரம் கழித்து ஆள் திருப்பூரிலிருந்து உயிரோடு திரும்பி வந்தார், கடன் தொல்லைக்குப் பயந்து போயிருக்கிறார். அவர் ஆற்றில் மூழ்கவே இல்லை. மைத்துனர் கடைக்குப் பழைய வாடிக்கை முழுதாகத் திரும்பவில்லை. அந்தக் காணொளிகள் இன்னும் இருக்கின்றன.

வெளியூரிலும் இதே கதைதான். 2023 ஜனவரியில் இங்கிலாந்தின் லங்காஷயரில், வயர் ஆற்றங்கரையில் நடக்கப் போன ஒரு பெண் காணாமல் போனார். காணொளிக்காரர்கள் அந்தச் சிறிய ஊருக்கே படையெடுத்து, வீடுகளைப் படம்பிடித்து, புதர்களில் தேடி, போலீஸ் அவர்களைக் கலைந்து போகச் சொல்லி உத்தரவிட வேண்டிய நிலை வந்தது. மூன்று வாரங்களுக்குப் பிறகு அதே ஆற்றில் உடல் கிடைத்தது. விபத்தாக நீரில் மூழ்கிய மரணம் என்று அந்த ஆண்டு ஜூனில் மரண விசாரணை முடிவு சொன்னது. 2013 ஏப்ரலில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தபோது, அதற்கு ஒரு மாதம் முன்பே காணாமல் போயிருந்த ஒரு மாணவர்தான் குண்டு வைத்தவர் என்று இணையத்தில் முடிவு கட்டினார்கள். அவர் வைக்கவில்லை, இறந்தே போயிருந்தார். தேடிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு வசைதான் வந்து குவிந்தது. இந்த இரண்டையும் தமிழில் எழுதியவர்கள் "இணையப் புலனாய்வு" என்று எழுதினால், வயர் ஆற்றங்கரையில் புதரைக் கிண்டியவருக்கும் தடயம் சேகரித்தவருக்கும் ஒரே பெயராகிவிடுகிறது.

இந்தத் துறையின் தமிழே கெட்டுக் கிடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காணாமல் போனவரை 'மாயம்' என்று போடுகிறார்கள்: "கல்லூரி மாணவி மாயம்". மாயம் என்றால் பொய்த்தோற்றம், வஞ்சனை. தலைப்பிலேயே அந்தப் பெண்மேல் ஒரு நிழல் விழுந்துவிடுகிறது. பத்திரிகை கதவைத் திறந்துவிட்ட பிறகு காணொளிக்காரர் உள்ளே வருகிறார். காவல் நிலையத்துக்காரர் எழுதும் 'காணவில்லை' எவ்வளவு நேர்மையான சொல்! ஏழு ஆண்டு ஒருவரைப் பற்றி, அறிந்திருக்க வேண்டியவர்களுக்கே தகவல் இல்லையென்றால்தான் சாட்சியச் சட்டமும் இறப்பைக் கருத இடம் கொடுக்கிறது. இங்கே ஏழு மணி நேரத்தில் "கொலையா?" என்று கேள்விக்குறி. நல்ல மொழிபெயர்ப்புக்கு இதே துறையில் முன்மாதிரி உண்டு. ஹேபியஸ் கார்ப்பஸுக்கு 'ஆட்கொணர்வு மனு' என்று வைத்தவர் என்ன நடக்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வைத்திருக்கிறார். ஆளைக் கொண்டுவரச் சொல்லும் மனு; கேட்டதும் பாமரருக்கும் விளங்குகிறது.

இதில் எனக்கு ஆற்றாமை என்னவென்றால், கேட்டதையும் கருதியதையும் பார்த்ததையும் பிரித்துக் காட்ட நம் வினைமுற்றுக்கே வழி தெரியும். "போனான்" என்றால் சொல்கிறவர் பொறுப்பு. "போனானாம்" என்றால் காதில் விழுந்தது. "போயிருப்பான்" என்றால் நினைப்பு. "போயிருக்கலாம்" என்றால் அந்த நினைப்பிலும் உறுதியில்லை. எழுத்தறியாத கிழவிகூடத் திண்ணையில் வம்பு பேசும்போது அந்த 'ஆம்' விட்டுப்போகாமல் பேசுவாள். காணொளியில் முதலில் காணாமல் போவது அதுதான். எல்லாம் "போனான்", "செய்தான்", "மறைத்தான்". மொழிபெயர்ப்பாளர்களோ அந்த 'ஆம்' இருந்த இடத்தில் "எனக் கூறப்படுகிறது" என்று ஒட்டுகிறார்கள். கூறியவர் யார் என்பது அதில் ஒளிந்துகொள்கிறது.

போன வாரம் மெய்ப்புக்கு வந்த பக்கத்தில், "இணையப் புலனாய்வாளர்கள் கணவர் மீது சந்தேகம் எழுப்பியுள்ளதாகக் கூறப்படுகிறது" என்று இருந்தது. "இணையத்தில் சிலர் கணவரைப் பற்றி ஊகம் பேசுகின்றனர், ஆதாரம் எதையும் அவர்கள் காட்டவில்லை" என்று திருத்தி அனுப்பினேன். ஒரு வரி கூடுகிறது, பக்கம் இடிக்கிறது என்றார் வடிவமைப்பவர். படத்தைச் சிறிதாக்கச் சொன்னேன்.