பெயர் அட்டையும் சிவப்பு மையும்: விரிவுரை மண்டபத்தில் ஊக்கம் பிறக்கும் விதம்

மலேசியத் தமிழில் மோட்டிவேஷனுக்குத் ‘தன்முனைப்பு’ என்ற சொல் நிலைத்துவிட்டது. தமிழகத்தில் அச்சொல் அகந்தையையும் குறிப்பதால், அங்கிருந்து கோலாலம்பூருக்கு வருபவர்கள் ‘மாணவர் தன்முனைப்பு முகாம்’ என்ற பதாகையைக் கண்டு சற்றுத் திகைப்பதுண்டு. பதாகைக்குக் கீழே நடப்பது நமக்குப் பழகிய காட்சிதான். புதிய மாணவர்கள் மண்டபத்தில் அமர்ந்திருக்க, வெளியிலிருந்து அழைக்கப்பட்ட பேச்சாளர் ஒருவர் இரண்டு மணி நேரம் முழங்குகிறார், கைதட்டல் எழுகிறது, சில வாரங்கள் கழித்து, காலை எட்டு மணி விரிவுரையில் பின்வரிசைகள் காலியாகக் கிடக்கின்றன. ஊக்கத்தை வெளியிலிருந்து ஊற்றி நிரப்பலாம் என்ற நம்பிக்கையே இந்த முயற்சிகளின் அடியில் இருக்கிறது. கடந்த அரை நூற்றாண்டின் உளவியல் ஆய்வுகள் அந்த நம்பிக்கைக்குப் பெரிதாக இடம் கொடுக்கவில்லை.

தொடக்கப் புள்ளியாக, அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட சோதனையைச் சொல்லலாம். சோமா என்பது ஏழு துண்டுகளை இணைத்துப் பல வடிவங்களை உருவாக்கும் புதிர். 24 கல்லூரி மாணவர்கள் மூன்று அமர்வுகளில் அதைத் தீர்க்க முயன்றார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு இரண்டாம் அமர்வில் மட்டும், தீர்க்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஒரு டாலர் தரப்பட்டது. ஒவ்வோர் அமர்வின் நடுவிலும் டெசி ஏதோ காரணம் சொல்லி எட்டு நிமிடம் அறையை விட்டு வெளியேறுவார். மேசையில் வார இதழ்களும் இருந்தன. யாரும் கேட்காத அந்த எட்டு நிமிடத்தில் ஒருவர் தாமாகப் புதிரில் எவ்வளவு நேரம் செலவிட்டார் என்பதே உண்மையான அளவீடு. பணம் பெற்றவர்கள், அது நின்றுபோன மூன்றாம் அமர்வில், முதல் அமர்வைவிடக் குறைவாகவே புதிரைத் தொட்டார்கள். சிறிய சோதனை, சிறிய வேறுபாடு. ஆனாலும் 1999இல் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது போக்கு அதே திசையில்தான் இருந்தது. அந்தத் தொகுப்பில் இன்னொன்றும் தெரியவந்தது: ‘இதை நன்றாகச் செய்திருக்கிறீர்கள்’ என்பது போன்ற வாய்மொழிப் பாராட்டு, கல்லூரி மாணவரிடம் உள்ளார்வத்தை வளர்த்தது.

உயர்கல்விக் கடனில் படிக்கும் நம் மாணவர் பலருக்கு, முதல் வகுப்பில் தேறினால் நிபந்தனைகளுக்கு உட்பட்டுக் கடனைத் திருப்பிக் கட்டத் தேவையில்லை என்ற ஏற்பாடு தெரிந்திருக்கும். குடும்பத்தின் சுமையைக் குறைக்கும் அந்தச் சலுகையைக் குறைகூற எனக்கு மனமில்லை. என்றாலும், பாடத்தில் ஆர்வம் கொள்ள ஒருவருக்கு அது போதாது. டெசியும் ரிச்சர்ட் ரயனும் பின்னர் வளர்த்தெடுத்த கோட்பாட்டின்படி, ஆர்வம் தழைக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும்: தன் விருப்பப்படி செயல்படுகிறோம் என்ற உணர்வு, தன்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு பிணைந்திருக்கிறோம் என்ற உணர்வு. மூன்றாவதில்தான் விரிவுரையாளருக்கும் மாணவருக்கும் இடையிலான உறவு நுழைகிறது. முந்நூறு பேர் அமரும் மண்டபத்தில் அது எப்படிச் சாத்தியம் என்ற கேள்வியும் கூடவே நுழைகிறது.

அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உயிரியல் வகுப்பு ஒன்றில் நடந்த ஆய்வு இதற்கு எளிமையான விடையைத் தந்தது. 2017இல் வெளியான அந்த ஆய்வில், 185 மாணவர் கொண்ட வகுப்பில் ஒவ்வொருவரும் மடித்த அட்டையில் தம் பெயரை எழுதி மேசைமேல் வைத்தார்கள்; கற்பித்தவர்கள் அட்டையைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைத்தார்கள். முந்தைய பெரிய வகுப்புகளில் தம் பெயர் ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது எனக் கருதியவர்கள் ஏறக்குறைய 20 விழுக்காட்டினர். இந்த வகுப்பில் அப்படிக் கருதியவர்கள் 78 விழுக்காட்டினர். ஆசிரியர்களுக்கு உண்மையில் நினைவிருந்தவையோ 53 விழுக்காட்டுப் பெயர்கள்தான். தாம் மதிக்கப்படுவதாகவும், உதவி கேட்கத் தயக்கம் குறைந்ததாகவும் மாணவர்கள் சொன்னார்கள். ஆசிரியரின் நினைவாற்றல் பாதி வேலையைச் செய்ய, மீதியை அட்டை செய்துவிட்டது.

கோலாலம்பூர் வகுப்பறையில் இந்த அட்டைக்கு மேலும் ஒரு பயன் உண்டு. வருகைப் பட்டியலில் மூன்று வகைப் பெயரமைப்புகள் ஒன்றையடுத்து ஒன்றாக வரும்: தன் பெயருக்குப் பின் ‘பின்’ அல்லது ‘பிந்தி’ சேர்ந்து தந்தை பெயர் வரும் மலாய்ப் பெயர், குடும்பப் பெயர் முதலில் நிற்கும் சீனப் பெயர், ‘ஏ/எல்’ (இன்னாரின் மகன்) அல்லது ‘ஏ/பி’ (இன்னாரின் மகள்) நடுவில் நின்று, தந்தை பெயர் பின்னால் வரும் நம் பெயர். சீன மாணவி குடும்பப் பெயரால் அழைக்கப்படுகிறாள். தமிழ் மாணவனோ தன் தந்தையின் பெயருக்குக் கை தூக்குகிறான், அல்லது ஐந்து அசைப் பெயர் இரண்டாகச் சுருங்கியதைத் திருத்தாமல் விட்டுவிடுகிறான். தாம் எப்படி அழைக்கப்பட விரும்புகிறோம் என்பதைத் தாமே எழுதிவைக்கும் அட்டை, பட்டியல் செய்யும் இந்தக் குழப்பத்தை முதல் நாளிலேயே தீர்த்துவிடுகிறது.

பெயருக்கு அடுத்தது மௌனம். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு தமிழில் படித்து, இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறி, பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஆங்கிலப் பாடநூல்களோடு மல்லுக்கட்டும் மாணவர், ஒரு கேள்வியை மனத்துக்குள் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் விரிவுரை அடுத்த படத்தாளுக்குப் போயிருக்கும். அந்த மௌனம் அக்கறையின்மையாகத் தவறாகப் படிக்கப்படுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தீக்காய்பவர்போல ஆசிரியரை மிக விலகாமலும் மிக நெருங்காமலும் இருக்க வேண்டும் என்ற பழைய நெறியில், நெருங்காமை மட்டும் நம் வீடுகளில் நன்றாகவே கடைப்பிடிக்கப்படுகிறது. அறைக்கதவில் ‘சந்திப்பு நேரம் 2 முதல் 4 வரை’ என்று ஒட்டியிருந்தாலும், கதவைத் தட்டுவது தொந்தரவு என்றே நம் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். விரிவுரையை ஒட்டிச் சிறு குழுவாகக் கூடும் டுட்டோரியல் வகுப்பில் ஒவ்வொருவரையும் முதல் மாதத்திற்குள் ஒருமுறை பத்து நிமிடம் வரச் சொல்வது, தட்டும் பொறுப்பை மாணவரிடமிருந்து ஆசிரியருக்கு மாற்றிவிடுகிறது.

உறவு உண்மையில் சோதிக்கப்படும் இடம், திருத்திய இடுபணி (அசைன்மெண்ட்) கைக்கு வரும் தருணம். சிவப்பு மையைப் பார்க்கும் மாணவர் மனத்தில் எழும் கேள்வி, ‘இவர் என் எழுத்தைக் குறை சொல்கிறாரா, என்னையே குறைத்து மதிக்கிறாரா?’ என்பதாகும். தம் இனத்தைப் பற்றிப் பிறர் தாழ்வாக எண்ணுவார்களோ என்ற ஐயத்தோடு வளர்ந்தவருக்கு அக்கேள்வி கூடுதலாக உறுத்தும். அமெரிக்க உளவியலாளர் டேவிட் ஈகரும் உடனாய்வாளர்களும் அங்குள்ள பள்ளி மாணவரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வு இதையே குறிவைத்தது. ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகள் வழக்கம்போலத் திருத்தப்பட்டன. பின் சிலருடைய தாளில், ‘உங்களிடம் உயர்ந்த தரத்தை எதிர்பார்க்கிறேன், உங்களால் அதை எட்ட முடியும் என அறிவேன், அதனால்தான் இக்குறிப்புகள்’ என்ற பொருளில் ஒரு துண்டுச்சீட்டு ஒட்டப்பட்டது. மற்றவர்களுக்குப் பொதுவான சீட்டு. கட்டுரையைத் திருத்தி மீண்டும் ஒப்படைத்த கறுப்பின மாணவர் விகிதம், பொதுச்சீட்டுக் குழுவில் 17 விழுக்காடு. மற்றதில் 70 விழுக்காட்டுக்கும் மேல். பங்கேற்றவர்கள் 44 பேர் மட்டுமே, அதுவும் பள்ளிப் பிள்ளைகள் என்பதை மறக்கக் கூடாது. ஆனால் இது செயல்படும் முறை தெளிவானது: கண்டிப்புக்கு ஒரு காரணம் தரப்படுகிறது, அந்தக் காரணம் மதிப்பாக இருக்கிறது. உயர்ந்த தரம் மட்டும் சொன்னால் அச்சுறுத்தலாகும். நம்பிக்கை மட்டும் சொன்னால் வெறும் இனிப்பாகும்.

மாணவரால் முடியும் என்பதை ஆசிரியர் உண்மையில் நம்பாவிட்டால் என்ன ஆகும்? எலிசபெத் கேனிங்கும் குழுவினரும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே அமெரிக்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 150 அறிவியல், கணிதத் துறை ஆசிரியர்களிடம் அறிவுத்திறன் பிறப்பிலேயே நிலைத்ததா, வளரக்கூடியதா என்று கேட்டு, அவர்களிடம் பயின்ற 15,000க்கும் மேற்பட்ட மாணவரின் மதிப்பெண்களோடு ஒப்பிட்டார்கள். நிலைத்தது என நம்பியவர்களின் வகுப்புகளில், இனங்களுக்கு இடையிலான மதிப்பெண் இடைவெளி மற்ற வகுப்புகளைவிட இருமடங்கு வரை பெரிதாக இருந்தது. ஆசிரியரின் வயதோ, பாலினமோ, அனுபவமோ இந்த அளவுக்கு வேறுபாட்டை விளக்கவில்லை. ‘இந்தப் பாடம் எல்லாருக்கும் வராது’ என்று முதல் விரிவுரையில் சிரித்துக்கொண்டே சொல்லும் வாக்கியம், சொன்னவருக்கு மறந்துபோனாலும், கேட்டவர் செமஸ்டர் முழுவதும் சுமந்து திரிவார்.

நெருக்கம் என்பது மதிப்பெண்ணில் தாராளம் காட்டுவதோ, நள்ளிரவு வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் எழுதுவதோ ஆகாது. தகுதியில்லாத மதிப்பெண், தன்னால் முடிகிறது என்ற உணர்வை உள்ளிருந்தே அரித்துவிடும். எல்லை இல்லாத உறவு ஆசிரியரைத்தான் முதலில் சோர்வடையச் செய்யும். மேலே சொன்னவற்றுக்கு ஆகும் செலவோ குறைவு: ஒரு கட்டு அட்டை, ஆளுக்குப் பத்து நிமிடம், திருத்திய தாளின் அடியில் ஒரு வரி. அட்டைகளை வகுப்பு முடிந்ததும் வாங்கி வைத்து, அடுத்த வாரம் நுழைவாயிலில் மேசைமீது பரப்பிவிட்டால், யாருடைய அட்டை எடுக்கப்படாமல் கிடக்கிறது என்பது விரிவுரை தொடங்குமுன்பே தெரிந்துவிடும்.