பாத்ரூம் கதவு எத்தனை அங்குலம்?

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதும்மா. நாளைக்கு டிஸ்சார்ஜ். நீங்க எப்ப வந்து எக்சர்சைஸ் சொல்லித் தருவீங்க?"

மனைவிக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த கையோடு இப்படிப் போன் செய்யும் கணவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, "சார், உங்க வீட்டு பாத்ரூம் கதவு எத்தனை அங்குலம்?" என்றுதான். எதிர்முனையில் சத்தமே இருக்காது. எந்தக் கம்பெனி மூட்டு, எத்தனை வருஷம் உழைக்கும், 2017இல் அரசு உச்சவரம்பு வைத்தபோது என்ன விலை என்றெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார். கதவை மட்டும் அளந்திருக்க மாட்டார்.

திருச்சியில் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்கிறேன். மருத்துவமனையில் நன்றாக நடந்த அம்மாக்கள் சொந்த வீட்டு வாசலில் திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மருத்துவமனையில் தரை சமம், வழி அகலம், பக்கத்தில் நர்ஸ். ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளிலோ திண்ணை, ரேழி, கூடம் என்று நீண்டுகொண்டே போய்க் கடைசியில் கொல்லைப்புறத்தில்தான் கழிவறை. நடுவில் நாலு நிலைப்படி, பிடித்து நடக்கும் நாலுகால் வாக்கர் ஒவ்வொன்றிலும் இடிக்கும். அடுக்குமாடி வீடுகளில் தொல்லை வேறு மாதிரி. பாத்ரூம் தரை ஓரிரு அங்குலம் தாழ்ந்திருக்கும், கதவு உள்பக்கமாகத் திறக்கும், அகலம் இரண்டடியைத் தாண்டாது. வாக்கரும் ஏறக்குறைய இரண்டடிதான். நேராக நுழைய முடியாவிட்டால் பக்கவாட்டில் திரும்பி, வாக்கரை முன்னால் நகர்த்தி நகர்த்தி நண்டு நடை நடக்க வேண்டும். அதை ஆபரேஷனுக்கு முன்பே பழகிக்கொண்டால் சுலபம். தையல் போட்ட காலோடு புதிதாகக் கற்பது கொடுமை.

சரி, வீட்டைத் திருத்தலாம் என்று இறங்குகிறவர்களிடம் இன்னொரு ஆபத்து உண்டு. ஓய்வுபெற்ற ஒருவர், மனைவி மருத்துவமனையில் இருக்கும் நாலு நாளில் பாத்ரூமையே புதிதாக்கி அவரை அசத்தப் பார்த்தார். டைல்ஸ் கொத்தனார் வந்தார், பிளம்பர் வரவில்லை. அம்மா வீடு திரும்பியபோது கூடம் முழுக்க சிமென்ட் தூசி, பாத்ரூமில் பாதித் தரை. பக்கத்து வீட்டுக் கழிவறையை நம்பி இரண்டு நாள் ஓட்டினார்கள். வேலை முடிந்து பார்த்தால், கண்ணாடி போலப் பளபளக்கும் டைல்ஸ்! ஒரு சொம்பு தண்ணீர் சிந்தினால் நானே வழுக்கி விழுவேன். அவருடைய அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இடித்துக் கட்டும் வேலை எதுவானாலும் ஆபரேஷன் தேதிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாக முடிந்திருக்க வேண்டும். முடியாதென்றால் தொடவே வேண்டாம். சொரசொரப்பான டைல்ஸ் இல்லாத வீட்டில் அடியில் உறிஞ்சிகள் வைத்த ரப்பர் விரிப்பு போதும். அதோடு, யார் குளித்து வந்தாலும் உடனே வைப்பரால் தரையைத் தள்ளிவிடும் பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொண்டால் பாதி ஆபத்து போய்விடும்.

உண்மையில் தேவைப்படுபவை சின்ன வேலைகள். கதவு வெளிப்பக்கம் திறக்கும்படி கீலை மாற்றுவது தச்சருக்கு அரை நாள் வேலை. உள்பக்கம் திறக்கும் கதவென்றால் உள்ளே விழுந்தவரின் உடம்பே அதை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து தள்ளித் திறக்க முடியாது. கீலை மாற்ற முடியாதவர்கள் ஒரு மாதத்துக்காவது தாழ்ப்பாளைக் கழற்றி வையுங்கள். அடுத்தது சுவரில் கைப்பிடி. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டவல் மாட்டும் கம்பி கைப்பிடி ஆகாது. துண்டைத் தாங்குவதற்காக இரண்டு சின்ன ஸ்க்ரூவில் நிற்பது அது. எழும்போது அதைப் பிடித்த ஒரு அம்மாவின் கையோடு கம்பியும் வந்துவிட்டது. நல்ல வேளை, கமோடிலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டார். கைப்பிடிக்கென்றே விற்கும் ஸ்டீல் கம்பியை, பூச்சோடு நிற்காமல் செங்கல்வரை துளைத்து மாட்டச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு கணவர் தன் முழு எடையையும் போட்டு இழுத்துப் பார்க்கட்டும். உயரத்தைக் கொத்தனாரிடம் விட வேண்டாம். ஆறடிக் கணவர் தன் வசதிக்கு மாட்டிய கம்பி, நாலே முக்காலடி மனைவிக்குத் தோளுயரத்தில் போய் நின்ற கதையும் உண்டு. மனைவியையே கமோடில் உட்கார்ந்து எழச் சொல்லி, கை இயல்பாகப் போகும் இடத்தில் பென்சிலால் குறியுங்கள்.

இந்தியன் டாய்லெட் மட்டும் உள்ள வீடுகளில் சர்ஜிக்கல் கடையில் கிடைக்கும் கமோட் சேரை வாங்கலாம், பல ஊர்களில் வாடகைக்கும் தருகிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை வெட்டிப் பயன்படுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அதை மட்டும் செய்யாதீர்கள். ஈரத் தரையில் அதன் கால்கள் விரிந்து வழுக்கும், வெட்டிய இடம் உடம்பைக் கிழிக்கும்.

இதெல்லாம் செய்தும் ஒரு விஷயம் என் கண்ணுக்கு மெதுவாகத்தான் பட்டது. ஆபரேஷன் ஆன பல அம்மாக்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள். கேட்டால் "தாகம் இல்ல" என்பார்கள். விஷயம் தாகம் இல்லை. ராத்திரி இரண்டு முறை கணவரை எழுப்பணுமே என்ற தயக்கம். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியும், கழிவறைக்குத் துணைக்கு வாருங்கள் என்று அவரைக் கூப்பிடக் கூச்சம். வலி மாத்திரைகளில் சில மலச்சிக்கலைத் தரக்கூடியவை. அதோடு தண்ணீரும் குறைந்தால் முக்கி முக்கி அவதிதான், சிறுநீர்த் தொற்றும் சேர்ந்துகொள்ளும். "கூப்பிட்டா வர மாட்டேனா?" என்று கணவர்கள் கோபப்படுவார்கள். கூப்பிடுவதுதானே கஷ்டமாக இருக்கிறது! கூப்பிடாமலே போக வேண்டும். ராத்திரி பதினொன்றுக்கும் விடிகாலை மூன்றுக்கும் அலாரம் வைத்து, "வா, போயிட்டு வரலாம்" என்று நீங்களே எழுப்புங்கள். உள்ளே அவர் உட்கார்ந்ததும் கதவுக்கு வெளியே முதுகைக் காட்டி நில்லுங்கள். அந்த முதுகு பெரிய மரியாதை என்று ஒரு அம்மா என்னிடம் சொன்னார்.

அப்புறம் சமையலறை. ஐந்தாம் நாள் வாக்கரை ஓரமாக நிறுத்திவிட்டு அடுப்படியில் நின்றிருந்த ஒருவரைப் பிடித்தேன். "அவருக்குக் காபி போடத் தெரியாது." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அது எனக்குச் சிரிப்பாக வரவில்லை. கணவருக்கு என் முதல் பாடம் உடற்பயிற்சி அல்ல, டிகாஷன்.

உடற்பயிற்சியை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். கூட இருப்பவர் கவனிக்க வேண்டியது வேறு. பாவம், வலிக்கிறதே என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். இதமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். வைப்பதென்றால் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் ஆன கால் முதலில். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

ஆபரேஷனுக்கு முன்பே என்னை அழைப்பவர்கள் குறைவு. அழைக்கிற கணவர்களுக்கு ஒரு வேலை கொடுப்பேன். வாக்கரை முன்னதாக வாங்கிவிடுங்கள், ராத்திரி விளக்கைப் போடாமல் கட்டிலிலிருந்து கழிவறை வரைக்கும் ஒரு காலை விறைப்பாக வைத்துக்கொண்டு நீங்களே நடந்து பாருங்கள் என்பேன். தில்லைநகரில் ஒருவர் அப்படியே செய்தார். மிதியடியில் ஒருமுறை, ஸ்டெபிலைசர் ஒயரில் ஒருமுறை தடுக்கி, கடைசியில் ஃப்ரிட்ஜ் மூலையில் முழங்கையை இடித்துக்கொண்டார். மறுநாள் நான் போனபோது மிதியடி இல்லை, ஒயர் சுவரோரம் ஏறியிருந்தது, ஃப்ரிட்ஜ் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது.

"பதினஞ்சு வருஷமா அதை நகர்த்துங்கன்னு சொல்லிட்டிருந்தேன்" என்றார் அந்த அம்மா. அடுத்த வாரம்தான் அவருக்கு ஆபரேஷன்.