குடலிறக்கமும் ஒரு மெல்லிய நரம்பும்

ஹெர்னியா ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சிலர், காயம் ஆறிய பிறகும் தொடையின் உள்பக்கம் மரத்துக் கிடப்பதாகச் சொல்வார்கள். கத்தி பட்டது அடிவயிற்றில், மரத்தது தொடையில். இரண்டு இடத்துக்கும் தொடர்பு, இலியோஇங்குவினல் என்ற மெல்லிய நரம்பு.

இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளில் முதலாவதற்குக் கீழே தண்டுவடத்திலிருந்து வெளிவரும் வேரில் இது தொடங்குகிறது. சிறுநீரகத்துக்குப் பின்னால் சரிந்து இறங்கி, இடுப்பெலும்பின் விளிம்பை ஒட்டி முன்பக்கம் வருகிறது. அங்கே வயிற்றுச் சுவரில் மூன்று தசை அடுக்குகள். உள் அடுக்கைத் துளைத்து, அதற்கும் நடு அடுக்குக்கும் இடையில் கொஞ்ச தூரம் ஓடி, பிறகு நடு அடுக்கையும் துளைத்துக்கொண்டு கவட்டுக் கால்வாய்க்குள் நுழைகிறது.

சுமார் 4 செ.மீ. நீளமுள்ள இந்தக் கால்வாய் வழியாகத்தான் ஆண்களுக்கு விரையின் ரத்தக் குழாய்களும் விந்துக் குழாயும் போகின்றன. அவை உள்வாசல் வழியாக வர, நம் நரம்பு பக்கவாட்டில் புகுந்து வெளிவாசல் வழியாக மட்டும் வெளியேறும். அப்புறம் தொடையின் உள்பக்க மேல்தோல், ஆண்களில் விதைப்பையின் முன்பகுதி, பெண்களில் பிறப்புறுப்பின் வெளி உதடு ஆகியவற்றின் தொடு உணர்வு இதன் பொறுப்பு.

உணர்வோடு வேலை முடிவதில்லை. வரும் வழியில் உள் அடுக்குக்கும் நடு அடுக்குக்கும் கிளைகளைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது. நாம் இருமும்போதோ பாரம் தூக்கும்போதோ வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும். குடல் கால்வாய்க்குள் பிதுங்கப் பார்க்கும். அந்த நேரத்தில் கால்வாயின் மேல் வளைந்து நிற்கும் இந்தத் தசைநார்கள் சுருங்கி, கடை ஷட்டரைப் போல இறங்கி வழியை அடைக்கின்றன.

அதனால் நரம்பு எந்த இடத்தில் அறுபடுகிறது என்பது முக்கியம். கால்வாய்க்குள் அறுபட்டால் தோல் மரப்பதோடு சரி. தசைக்கான கிளைகள் முன்பே பிரிந்துவிட்டன. குடல்வால் ஆபரேஷனுக்காகப் போடும் வெட்டில், அதாவது மேலேயே, சேதமானால் தசை தளர்ந்து, பின்னாளில் அதே பக்கம் குடலிறக்கம் வர வாய்ப்புண்டு.

அறுபடுவதைவிட மோசம், சிக்கிக்கொள்வது. ஹெர்னியாவுக்கு வைக்கும் வலையிலோ, சிசேரியன் தழும்பின் ஓரத்திலோ நரம்பு மாட்டினால், நடந்தாலும் இடுப்பை நிமிர்த்தினாலும் சுருக்கென்று எரியும். ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. 'எல்லாம் நார்மல்' என்ற பதிலோடு அலைபவர்கள் உண்டு. இடுப்பெலும்பின் முன்முனைக்கு அருகே மரப்பு ஊசி போட்டதும் வலி அடங்கினால், இந்த நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கும். குழந்தைகளின் ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிந்தைய வலியைக் குறைக்கவும் அதே இடத்தில்தான் ஊசி போடுகிறார்கள்.

ஆண்களுக்கு இன்னொரு சங்கதி. தொடையின் உள்பக்கத்தை லேசாக வருடினால் அந்தப் பக்க விரை மேலேறும். வருடலைத் தண்டுவடத்துக்குச் சொல்வதில் இந்த நரம்புக்குப் பங்குண்டு. விரையைத் தூக்கும் கட்டளை பக்கத்து நரம்பான ஜெனிட்டோஃபெமோரல் வழியாக வருகிறது. திடீர் விரைவலியோடு வரும் சிறுவனுக்கு இந்த அசைவு இல்லையென்றால், விரை முறுக்கிக்கொண்டதோ என்று டாக்டர்கள் சந்தேகிப்பார்கள். அசைவு இருப்பதாலேயே முறுக்கு இல்லை என்று விட்டுவிடவும் மாட்டார்கள். முறுக்கை ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் விரையைக் காப்பாற்றிவிடலாம்.