அந்த 60 நாள் வேறு, இந்த 60 நாள் வேறு

போன வாரம் ஒருவர் போன் செய்தார். எச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்காவில் பல வருடமாக இருப்பவர். அவருடைய கம்பெனி ஒரே நாளில் சில நூறு பேரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் மொத்தமாக வங்கிக் கணக்கில் வந்து விழுந்திருக்கிறது. “மேடம், வார்ன் நோட்டீஸ் 60 நாள் இப்பத்தான் முடிஞ்சுது. இனிமேல் கிரேஸ் பீரியட் 60 நாள் இருக்குல்ல? ரெண்டு இன்டர்வியூ கடைசி ரவுண்டுல இருக்கு” என்றார். வார்ன் நோட்டீஸ் என்பது கூட்டமாக ஆட்களை நிறுத்தும் முன் கம்பெனி தர வேண்டிய முன்னறிவிப்பு. கிரேஸ் பீரியட் என்பது வேலை போனபின் விசாக்காரருக்குக் கிடைக்கும் 60 நாள் அவகாசம். அவர் குரலில் பதற்றமே இல்லை. கடிதத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். வேலை முடியும் நாள் என்ற இடத்தில், அவரைக் கூப்பிட்டுச் செய்தி சொன்ன அதே தேதி. அதிலிருந்து எண்ணினால் அவர் எனக்குப் போன் செய்தது 63ஆம் நாள்.

இதே குழப்பத்தோடு இந்த வருடம் வந்தவர்களில் இவர் நான்காவது. நான் தொழிலாளர் சட்டம் பார்க்கிறவள். விசா விஷயத்துக்கு, குடிவரவுச் சட்டம் பார்க்கும் சக வழக்கறிஞரிடம் அவரை அனுப்பி வைத்தேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ள அதிகாரிகளுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அவர்கள் மனது வைத்தால்தான் உண்டு, உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது. முதல் வாரத்திலேயே அந்தக் கடிதத்தை யாரிடமாவது காட்டியிருந்தால் இந்த நிலையே வந்திருக்காது. அந்த ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

வார்ன் (WARN) என்ற அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1988இல் இயற்றப்பட்டு 1989 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பெரிய கம்பெனி கூட்டமாக ஆட்களை நிறுத்தும்போது 60 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். அது கம்பெனியின் தலையில் இருக்கும் கடமை. விசாவில் இருப்பவர்களுக்கு வேலை போனபின் கிடைக்கும் 60 நாள், குடிவரவுத் துறை தரும் அவகாசம். இரண்டிலும் 60 என்ற எண் இருப்பது தற்செயல். ஒன்று முடிந்த இடத்தில் இன்னொன்று தொடங்கும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியில்லை.

தேதி போட்டுப் பார்த்தால் புரியும். மார்ச் 1ஆம் தேதி உங்களுக்கு நோட்டீஸ் தருகிறார்கள், ஏப்ரல் 30 வரை பேரோலில் (சம்பளப் பட்டியலில்) வைத்து வழக்கம்போலச் சம்பளம் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கிரேஸ் பீரியட் மே 1ஆம் தேதி தொடங்கி ஜூன் 29 அன்று முடியும். இப்போது அதே மார்ச் 1ஆம் தேதி, “இன்றோடு உங்கள் வேலை முடிந்தது, நோட்டீஸுக்குப் பதிலாக 60 நாள் சம்பளம் தந்துவிடுகிறோம்” என்கிறார்கள். கைக்கு வரும் பணம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் கிரேஸ் பீரியட் மார்ச் 2ஆம் தேதியே தொடங்கிவிட்டது, ஏப்ரல் 30 அன்று முடிந்துவிடும். சிவரன்ஸ், அதாவது வேலையிலிருந்து அனுப்பும்போது தரும் பணம், ஆறு மாதத்துக்கு வந்தாலும் அந்தத் தேதி ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாது. வேலை முடிந்த நாள் எது என்பதைப் பொதுவாக, எந்த நாள் வரைக்கும் சம்பளம் கணக்கிடப்பட்டது என்பதை வைத்துத்தான் பார்க்கிறார்கள். பணம் எப்போது கணக்கில் ஏறியது என்பதை வைத்து இல்லை. தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள்.

வேலை கொடுக்காமல் பேரோலில் மட்டும் வைத்திருக்கும் காலம் பற்றியும் கேட்கிறார்கள். அதையும் வேலையில் இருக்கும் காலமாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனாலும் அதை நம்பிக் கடைசி நாள் வரை காத்திருக்காதீர்கள். 60 நாள் என்பதே உச்சவரம்புதான். எந்தத் தேதி வரை நாட்டில் தங்கலாம் என்று காட்டும் உங்கள் ஐ-94 பதிவு அதற்கு முன்பே காலாவதியானால் அந்தத் தேதியோடு சரி. ஆஃபர் லெட்டர் கையில் இருந்தால் மட்டும் போதாது, புதிய கம்பெனி உங்களுக்காகப் போடும் விசா மனு (பெட்டிஷன்) அந்த நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

சரி, வார்ன் சட்டம் எல்லோருக்கும் பொருந்துமா? பொருந்தாது. கம்பெனியில் குறைந்தது 100 பேர் வேலை பார்க்க வேண்டும். வாரத்துக்குச் சராசரியாக 20 மணி நேரத்துக்கும் குறைவாக வேலை செய்பவர்களும், கடந்த 12 மாதத்தில் 6 மாதம்கூட வேலை செய்யாதவர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஒரே இடத்தில் 500 பேரை நிறுத்தினால் சட்டம் பாயும். 50 முதல் 499 பேர் என்றால், அந்த இடத்தில் வேலை செய்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். இடத்தையே மூடுவதாக இருந்தால் 50 பேரே போதும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. புதிதாகச் சேர்ந்தவரைத் தலை எண்ணும்போதுதான் விட்டுவிடுவார்கள். சட்டம் பொருந்திவிட்டால் அவருக்கும் நோட்டீஸ் தந்தாக வேண்டும்.

சிறு சிறு கூட்டமாக அனுப்பினால் சட்டத்திலிருந்து தப்பிக்கலாம் என்று நினைக்கும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். இந்த மாதம் 30 பேர், அடுத்த மாதம் 30 பேர் என்று போவார்கள். 90 நாளுக்குள் நடந்தவற்றைச் சேர்த்து எண்ணச் சட்டத்தில் இடமுண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் இருந்தது என்று காட்ட வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது. அதனால் உங்களுக்கு முன்னால் போனவர்களோடு தொடர்பில் இருங்கள், தேதிகளைக் குறித்து வையுங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களிடம் “நீங்கள் எந்த அலுவலகத்தையும் சேர்ந்தவர் இல்லை” என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். வேலை எங்கிருந்து வந்தது, யாரிடம் ரிப்போர்ட் செய்தீர்கள் என்பதற்கான மின்னஞ்சல்கள் அப்போது கைகொடுக்கும்.

கன்சல்டன்சி மூலம் இன்னொரு கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். நீங்கள் போய் உட்கார்ந்து வேலை செய்யும் கம்பெனி ஆயிரம் பேரை அனுப்பினாலும், உங்களுக்குச் சம்பளம் போடுவது யார் என்பதுதான் முதல் கேள்வி. அங்கே புராஜெக்ட் போனதால் உங்கள் வேலை போய்விடவில்லை. எச்-1பியில் இருப்பவரை முறையாக வேலையிலிருந்து விடுவிக்கும் வரை, வேலை தராமல் பெஞ்சில் உட்கார வைத்தாலும் உங்கள் கம்பெனி சம்பளம் தர வேண்டும். முறையாக விடுவித்தால், விசாக் காலம் முடியும் முன்பே அனுப்புகிறார்கள் என்ற முறையில், ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவை ஏற்கவும் அவர்கள் கடமைப்பட்டவர்கள். இதைக் கேட்டு வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நோட்டீஸ் தராமல் அனுப்பிவிட்டால் 60 நாள் வரைக்குமான சம்பளமும் சலுகைகளும் கேட்கலாம். விதிவிலக்குகள் உண்டு: முன்கூட்டித் தெரிந்திருக்க முடியாத வியாபாரச் சூழல், இயற்கைச் சீற்றம், மூடும் நிலையிலிருந்து காப்பாற்ற முதலீடு தேடிக்கொண்டிருந்த கம்பெனி. ஆனால் ஏன் நாள் குறைந்தது என்று அந்த நோட்டீஸிலேயே சுருக்கமாகச் சொல்ல வேண்டும். தொழிலாளர் துறையில் புகார் கொடுத்தால் வாங்கித் தந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையும் நிறையப் பேருக்கு இருக்கிறது. கூட்டாட்சித் தொழிலாளர் துறை இந்தச் சட்டத்தை அமல்படுத்துவதில்லை. நீதிமன்றம்தான் போக வேண்டும், பெரும்பாலும் எல்லோரும் சேர்ந்துதான் போவார்கள்.

பல மாநிலங்களில் சட்டம் இன்னும் பலமாக இருக்கிறது. கலிபோர்னியாவில் 75 பேர் இருந்தாலே போதும். நியூயார்க்கில் 90 நாள் நோட்டீஸ். நியூஜெர்சியில் 2023 ஏப்ரல் முதல் 90 நாள் நோட்டீஸோடு, வேலை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் ஒரு வாரச் சம்பளம் கட்டாயம். நோட்டீஸில் குறை வைத்தால் இன்னும் நான்கு வாரம். அந்தச் சிவரன்ஸை விட்டுக்கொடுப்பதாக நீங்கள் கையெழுத்துப் போட்டாலும், மாநிலத் தொழிலாளர் ஆணையரோ நீதிமன்றமோ ஒப்புக்கொள்ளாமல் அது செல்லாது.

கையெழுத்து என்றதும் சொல்ல வேண்டும். மீட்டிங் முடிந்த அன்று மாலையே ரிலீஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள்! உரிமைகளையெல்லாம் விட்டுத் தருகிறேன் என்பதற்கு விலையாகத்தான் சிவரன்ஸ் தருகிறார்கள். சட்டப்படி ஏற்கெனவே தர வேண்டிய பணத்தையே விலையாகக் காட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டாமா? 40 வயதைத் தாண்டியவரிடம், கூட்டமாக அனுப்பும்போது வயது பாகுபாட்டு உரிமையையும் சேர்த்து விட்டுத் தரக் கேட்டால், யோசிக்க 45 நாள் தந்தாக வேண்டும். போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். “இன்னைக்கே அனுப்புங்க” என்று எச்.ஆர். சொன்னால் அது அவர்களுடைய அவசரம்.

உங்களுக்கு அப்படியொரு அழைப்பு வந்தால், அன்றைக்கே எச்.ஆருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: என் வேலை முடியும் தேதி எது, அதுவரை நான் பேரோலில் இருப்பேனா, வரும் பணம் சம்பளமா சிவரன்ஸா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். முடியும் தேதியைத் தள்ளிப்போடுங்கள் என்று கேட்கவும் தயங்காதீர்கள், எழுதிக் கேட்டுச் சில வாரம் கூடுதலாகப் பெற்றவர்கள் என்னிடமே இருக்கிறார்கள். கம்பெனி லேப்டாப்பைப் பூட்டும் முன் உங்கள் சம்பளச் சீட்டுகளையும் விசாப் பெட்டிஷன் நகலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கம்பெனி ரகசியங்களைத் தொடாதீர்கள். அப்புறம், அந்தக் கடிதத்தோடு முதல் வாரத்திலேயே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.