பற்றாக்குறை: துண்டு விழுகிறதா, வெட்டுகிறார்களா?

2024 அக்டோபரில், டிரம்பும் கமலா ஹாரிஸும் மோதிய அமெரிக்க அதிபர் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, திருத்துவதற்காக ஒரு செய்தி என் மேசைக்கு வந்தது. அதில் இப்படி ஒரு வரி: "டிரம்பின் வரித் திட்டத்தால் அமெரிக்காவின் பற்றாக்குறை 7.5 லட்சம் கோடி டாலராக உயரும். ஹாரிஸின் திட்டத்தால் 3.5 லட்சம் கோடி டாலராக உயரும்."

தமிழில் ஒரு பிழையும் இல்லை. சந்திகூடச் சரியாக இருந்தது. ஆனால் கணக்கு மொத்தமும் தப்பு. அதற்கு முந்தைய மாதம் முடிந்த நிதியாண்டில் அமெரிக்க மத்திய அரசின் பற்றாக்குறையே, அதாவது வரவை மீறிய செலவே, சுமார் 1.8 லட்சம் கோடி டாலர்தான். இந்த வரியை நம்பினால் அது ஒரே தாவலில் நான்கு மடங்காகிவிடும். தப்பு இரண்டு இடங்களில் ஒளிந்திருந்தது. 'டாலராக' என்பதில் உள்ள 'ஆக' ஒன்று, 'பற்றாக்குறை' என்ற சொல் இன்னொன்று. முதலாவதை அடித்துத் திருத்த அரை நிமிடம் போதும். இரண்டாவதற்கு இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

சொல்லைப் பிரித்துப் பார்க்கலாம். பற்றா + குறை. 'பற்றாத குறை' என்பதில் 'த' விழுந்து 'பற்றா' நிற்கிறது. செல்லாத காசு 'செல்லாக்காசு' ஆவது போலத்தான். இலக்கணத்தில் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அதனால்தான் நடுவே 'க்' கட்டாயம் வேண்டும். 'பற்றாகுறை' என்று எழுதுகிறவர்கள் கவனிக்க.

'பற்று' என்ற வினைக்குப் பல வேலைகள் உண்டு. பிடிப்பது, ஒட்டுவது, தீ மூள்வது எல்லாம் பற்றுதல். போதுமானதாக இருப்பதும் பற்றுதல்தான். இந்தக் கடைசிப் பொருள் எழுத்தில் அருகிவிட்டது, பேச்சில் நன்றாகவே வாழ்கிறது. "சம்பளம் பத்தலை", "ரெண்டு மீட்டர் துணி பத்தாது" என்று சொல்லாத வீடு ஏது? எரிச்சலில் "பத்தாக்குறைக்கு இவன் வேற" என்கிறோமே, அதுவும் இந்தச் சொல்லேதான். ஏற்கெனவே போதவில்லை, அதன் மேல் இது வேறு என்று பொருள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். கணக்குப் பிள்ளைகளின் 'பற்று வரவு' என்பதில் இருக்கும் பற்றுதான் பற்றாக்குறையிலும் இருக்கிறது என்று நினைப்பவர்கள் உண்டு. வினை ஒன்றே, பொருள் வேறு. கணக்கில் பற்று என்றால் ஒருவர் பேரில் எழுதப்படும் தொகை. பற்றாக்குறையில் உள்ள பற்று, போதுதல். ஆனாலும் இரண்டும் மளிகைக் கடை வாசலில் சந்தித்துக்கொள்கின்றன. மாதக் கடைசியில் சம்பளம் பத்தாமல் போனால் கடையில் போய்ப் 'பத்து' எழுதச் சொல்கிறோம். பத்தாமல் போனது பற்றாக்குறை, நோட்டில் ஏறியது கடன். அந்த மாதம் முடிந்தால் பற்றாக்குறையின் கணக்கும் முடிந்தது. அடுத்த மாதம் புதிதாகத் தொடங்கலாம். நோட்டில் ஏறியது மட்டும் அங்கேயே இருக்கும்.

அமெரிக்காவுக்கு அந்த 'மாதம்' என்பது அக்டோபர் 1 முதல் செப்டம்பர் 30 வரையான நிதியாண்டு. 2024 செப்டம்பரில் முடிந்த ஆண்டில் பத்தாமல் போனது 1.8 லட்சம் கோடி. நோட்டில் ஏறி நிற்பது அதே ஆண்டு நவம்பரில் 36 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. (டிரில்லியன் என்றால் பயப்பட வேண்டாம். நம் ஊர் லட்சம் கோடிதான், ஒரு சுழி கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.)

இனி, பற்றாக்குறைக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் சொல்லான டெஃபிசிட். லத்தீனில் 'டெஃபிசிட்' ஒரு முழு வாக்கியம். 'குறைகிறது', 'இல்லை' என்பது அதன் பொருள். சரக்குப் பட்டியலைச் சரிபார்க்கும்போது காணாமல் போன பொருளுக்கு நேரே எழுதிவைக்கும் குறிப்பாக இருந்து, பிறகு பெயர்ச்சொல்லானது. அரசுக் கணக்கின் சொல்லாக அது ஊர் வாயில் விழுந்தது 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில். 1781-இல் நெக்கர் என்ற நிதி நிர்வாகி அரசனின் வரவு செலவை அச்சிட்டு வெளியிட்டார். சுமார் ஒரு கோடி லிவர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்) உபரி என்று காட்டினார். அமெரிக்க விடுதலைப் போருக்குப் பிரான்ஸ் செய்த செலவை 'வழக்கத்துக்கு மாறான செலவு' என்று தனியே ஒதுக்கிவிட்டால் உபரி வராமல் என்ன செய்யும்! 1787-இல், அந்தப் பொறுப்புக்குப் பின்னாளில் வந்த கலோன் கணக்கைத் திறந்தபோது பத்துக் கோடி லிவருக்கு மேல் துண்டு விழுந்திருந்தது. அரசி மரி அன்டோனெட்டுக்கு 'மேடம் டெஃபிசிட்' என்று பட்டப் பெயரே வைத்துவிட்டார்கள். எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை ஒதுக்குவது என்ற நெக்கரின் வித்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

'துண்டு விழுந்திருந்தது' என்று சற்று முன் எழுதினேன். டெஃபிசிட்டுக்குப் பேச்சுத் தமிழ் தரும் சொல் அதுதான். இலங்கைத் தமிழில் 'துண்டுவிழும் தொகை' என்பது பாதீட்டு (பட்ஜெட்) செய்திகளில் சாதாரணமாகப் புழங்கும். எனக்கு இது பற்றாக்குறையைவிடப் பிடிக்கும், ஏனென்றால் இதில் படம் தெரிகிறது. ஆனால் இரண்டுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. யார் செய்தது என்று இரண்டுமே சொல்வதில்லை. மழை பற்றாக்குறை, தண்ணீர்ப் பற்றாக்குறை, ஆள் பற்றாக்குறை எல்லாம் நம் கைக்கு மீறி வருபவை. துண்டும் தானாகவே விழுகிறது. தேர்தலில் ஒருவர் மேடையேறி, 'இந்த வரியை எடுத்துவிடுவேன்' என்று அறிவித்து, அதனால் வரவு குறைந்து, இடைவெளி பெரிதானால் அதைத் துண்டு விழுதல் என்பதா, துண்டு வெட்டுதல் என்பதா?

"ஆகாறு அளவிட்டி தாயினும் கேடில்லை போகாறு அகலாக் கடை" என்ற குறளைப் பட்ஜெட் பேச்சுகளில் கேட்டிருப்போம். வரவு வரும் வழி ஆகாறு, செலவு போகும் வழி போகாறு. எவ்வளவு அழகான சொற்கள், இரண்டையும் தொலைத்துவிட்டோம். வள்ளுவர் எச்சரிப்பது போகாறு அகலுவதைப் பற்றி. ஆகாற்றைத் தாமே குறுக்கிக்கொள்வதாக வாக்குறுதி தந்து ஒருவர் ஓட்டுக் கேட்பார் என்பது அந்தக் குறளுக்குள் வரவில்லை.

2024-இல் நடந்தது அதுதான். ஜூன் மாதம் லாஸ் வேகாஸில் டிரம்ப், டிப்ஸ் பணத்துக்கு வரி இல்லை என்றார். ஓட்டல் ஊழியர்கள் நிறைந்த ஊர், கைதட்டலுக்குக் கேட்கவா வேண்டும்? ஆகஸ்டில் அதே ஊரில் ஹாரிஸும் அதையே சொன்னார். டிரம்ப் மேலும் போனார். மிகைநேர ஊதியத்துக்கு வரி இல்லை, முதியோரின் சமூகப் பாதுகாப்புத் தொகைக்கு வரி இல்லை, 2017-இல் தாம் கொண்டுவந்த வரிக்குறைப்பு 2025 முடிவில் காலாவதியாகாமல் தொடரும், உள்நாட்டில் உற்பத்தி செய்யும் நிறுவனங்களுக்கு வரி 21 சதவீதத்திலிருந்து 15. இழப்பை ஈடுகட்ட இறக்குமதி வரி. ஹாரிஸ் நிறுவன வரியை 28 சதவீதமாக உயர்த்துவேன் என்றார். ஆண்டுக்கு 4 லட்சம் டாலருக்குக் கீழே சம்பாதிப்பவர்களுக்கு வரி ஏறாது, பிறந்த குழந்தைக்கு முதலாண்டில் 6,000 டாலர் வரிச் சலுகை.

கட்சி சாராத ஓர் அமைப்பு, பொறுப்பான மத்திய வரவு செலவுக்கான குழு, இரண்டையும் தராசில் வைத்தது. அக்டோபரில் அது சொன்னதைச் சரியான தமிழில் எழுதினால்: 2026 முதல் 2035 வரை பத்து ஆண்டுகளில் ஹாரிஸின் திட்டம் அமெரிக்கக் கடனில் 3.5 லட்சம் கோடி டாலரைக் கூடுதலாகச் சேர்க்கும், டிரம்பின் திட்டம் 7.5 லட்சம் கோடியைச் சேர்க்கும். இவை நடுமதிப்புகள். ஹாரிஸுக்கு சுழியம் முதல் 8.1 வரை, டிரம்புக்கு 1.45 முதல் 15.15 வரை என்று வீச்சும் கொடுத்திருந்தார்கள். தலைப்புச் செய்தியில் வீச்சுக்கு இடம் கிடைப்பதில்லை. மேடைப் பேச்சைச் சட்டமாகக் கற்பனை செய்து போடுகிற கணக்கு இவ்வளவு அகலமாக இருப்பதுதான் இயல்பு.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் பள்ளியின் பட்ஜெட் மாதிரிக் கணக்கு ஆகஸ்டிலேயே வேறு எண்களைத் தந்திருந்தது. வழக்கமான முறையில் பத்து ஆண்டுகளுக்கு ஹாரிஸ் 1.2, டிரம்ப் 5.8 லட்சம் கோடி டாலர். வரி மாற்றத்தால் உழைப்பும் முதலீடும் மாறுவதையும் சேர்த்துப் பார்த்தால் ஹாரிஸ் 2.0, டிரம்ப் 4.1. அதாவது, ஹாரிஸின் எண் ஏறுகிறது, டிரம்பின் எண் இறங்குகிறது, வரிசை மட்டும் மாறவில்லை. இந்த எண்கள் எடுத்துக்கொண்டது முதன்மைப் பற்றாக்குறையை, அதாவது வட்டிச் செலவை நீக்கிய பற்றாக்குறையை. முந்தைய அமைப்பு பேசியது கடனை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "ஆய்வாளர்களிடையே முரண்பாடு" என்று எழுதியவர்களும் இருந்தார்கள்.

ஆக, என் மேசைக்கு வந்த வரியில் 'பற்றாக்குறை' இருந்த இடத்தில் 'கடன்' வந்திருக்க வேண்டும், 'ஆக உயரும்' இருந்த இடத்தில் 'கூடுதலாகச் சேரும்' வந்திருக்க வேண்டும், 'பத்து ஆண்டுகளில்' என்ற இரண்டு சொற்கள் எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும். பத்தால் வகுத்தால் சராசரியாக ஆண்டுக்கு 35 ஆயிரம் கோடிக்கு எதிராக 75 ஆயிரம் கோடி. அதுவும் பெரிய தொகைதான், ஆனால் வேறு தொகை.

'கூடுதலாக' என்றால் எதற்கு மேல்? யாருமே ஒன்றும் செய்யாமல் இருந்தாலும் 2025 முதல் 2034 வரை பற்றாக்குறைகள் சேர்ந்து சுமார் 22 லட்சம் கோடி டாலர் வரும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வரவுசெலவு அலுவலகம் 2024 ஜூனில் கணித்திருந்தது. வேட்பாளர்களின் எண்கள் இது மாதிரியான ஒரு கணக்கின் மேல் ஏறி உட்காருபவை. பத்தாக்குறைக்கு, என்று தமிழில் தொடங்கலாம்.

இடைவெளியை உண்டாக்கும் வரிக்குறைப்புக்கு நம்மிடம் 'வருவாய் இழப்பு' என்ற சொல் இருக்கிறது. அதிலும் செய்தவர் இல்லை; இழப்பு நேர்ந்துவிடுகிறது. இந்திய மத்திய பட்ஜெட்டில் ஒருகாலத்தில் வரிச் சலுகைகளால் கைவிட்ட வருவாய்க்கென்று ஓர் அறிக்கையே இணைத்தார்கள். 'விட்டுக்கொடுத்த வருவாய்' என்று சொன்னால் விட்டுக்கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது தெரிகிறது. வேட்பாளர்களின் வரித் திட்டங்களைப் பற்றி எழுத இதுவே பொருத்தம் என்பேன். ஈடுகட்டும் வழியைச் சொல்லிவிட்டு ஓட்டுக் கேட்டவர்கள் பட்ட பாடும் தெரிந்ததுதான். 1984-இல் அதிபர் ரீகனை எதிர்த்து நின்ற வால்டர் மோண்டேல், ரீகனும் வரியை உயர்த்துவார், நானும் உயர்த்துவேன், அவர் சொல்ல மாட்டார், நான் சொல்லிவிட்டேன் என்றார். ஐம்பது மாநிலங்களில் அவருக்குக் கிடைத்தது சொந்த மாநிலமான மினசோட்டா மட்டும்.

சொல்லகராதி வேலையில் கடைசியாக ஒன்று பாக்கி: 'பேஸ்லைன்'. எதற்கு மேல் கூடுகிறது என்று அளக்கும் அந்த அடிப்படைக் கணக்கு. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டம் பத்து ஆண்டுகளில் பற்றாக்குறையை 3.4 லட்சம் கோடி டாலர் கூட்டும் என்றது வரவுசெலவு அலுவலகம். பழைய வரிக்குறைப்பு காலாவதியாகும் என்று சட்டத்தில் எழுதியிருப்பதை அடிப்படையாக வைத்தால் இந்த எண். செனட்டில் குடியரசுக் கட்சியினர் வேறு அடிப்படையை எடுத்தார்கள். அப்போது அமலில் இருந்த குறைந்த வரி என்றும் தொடரும் என்று வைத்துக்கொண்டால், அதை நீட்டிப்பதற்குச் செலவே இல்லை. அந்தக் கணக்கில் அதே சட்டம் பற்றாக்குறையைக் கொஞ்சம் குறைப்பதாகவே வந்தது. நெக்கர் உயிரோடு இருந்திருந்தால் மெச்சியிருப்பார்.

பேஸ்லைனை 'அடிக்கோடு' என்று மொழிபெயர்த்த ஒரு செய்தியைப் பார்த்தேன். அடிக்கோடு என்பது எழுத்துக்குக் கீழே போடுவது. 'அடிப்படைக் கணக்கு' என்று எழுதி, 'நடப்புச் சட்டப்படி' என்றோ 'நடப்பு நடைமுறைப்படி' என்றோ முன்னால் சேர்த்துவிட்டால் எந்தக் கணக்கு என்று வாசகருக்கு விளங்கும். இரண்டு சொல் கூடும். பத்தியில் அதற்கு இடம் பத்தும்.