இடுப்புத் தேய்மானம்: பிசியோதெரபி வீட்டுக்கே வரும், காப்பீட்டு அட்டை எப்போது உதவும்?

உசிலம்பட்டிப் பக்கம் விடியுமுன்னே மல்லிகைத் தோட்டத்தில் குனிந்து பூப்பறிக்கும் பெண்களில், ஐம்பதைத் தாண்டியும் இடுப்பு வலி இல்லாதவரைத் தேடத்தான் வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுத்தால் கீழ்முதுகில் தேய்மானம், ஜவ்வு பிதுங்கல் என்று எழுதி வரும். அந்தப் பயத்திலேயே தோட்டைக் கழற்றி அடகு வைத்து ஆபரேஷனுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் பலருக்கு முதலில் தேவைப்பட்டது பிசியோதெரபி. அது இலவசமாகவே கிடைக்கிறது, கேட்பவர்தான் குறைவு.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் ஜவ்வில் வயதாக ஆக ஈரம் வற்றுகிறது, உயரம் குறைகிறது. பின்பக்க மூட்டுகள் தேய்ந்து எலும்பு முள் போல வளரும். தலை நரைப்பது போலத்தான் இதுவும். வலியே இல்லாத ஐம்பது வயதுக்காரர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், ஏறக்குறைய 80 சதவீதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம் தெரிந்தது. ஆகவே ஸ்கேன் சீட்டை மட்டும் வைத்து ஆபரேஷன் முடிவெடுக்கக் கூடாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்றதும் சுகர், பிரஷர் மாத்திரைதான் பலருக்கும் நினைவு வரும். வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அதே திட்டத்தில்தான் இருக்கிறது. எழுந்து நடமாட முடியாத பெரியவர் வீட்டில் இருந்தால், மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். நடக்க முடிந்தவர்கள் அரசு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பிரிவுக்குப் போகலாம். வயிறு, முதுகுத் தசைகளை வலுவாக்கும் பயிற்சிகளைக் கற்றுக்கொண்டு தினமும் வீட்டில் செய்ய வேண்டும். ரெண்டு வாரத்தில் பலன் இல்லையென்று விட்டுவிடாதீர்கள். வலிக்குப் பயந்து வாரக்கணக்கில் படுத்தே கிடந்தால் தசை இன்னும் தளர்ந்துபோகும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையைத் தொடர்ந்து போட்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும், சுகர் இருப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

சரி, காப்பீட்டு அட்டை எதற்கு? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். 72,000 என்ற பழைய வரம்பை நம்பி விண்ணப்பிக்காமலே இருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வி.ஏ.ஓ. வழியாக வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு மதுரை கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்துவிடலாம். பெரியவர்களின் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். மாத்திரை வாங்குவதற்கும் சாதாரணமாக டாக்டரைப் பார்ப்பதற்கும் இந்த அட்டை உதவாது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்யும், பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான். அதற்கும் ஆஸ்பத்திரி முன்அனுமதி வாங்க வேண்டும்.

கொஞ்ச தூரம் நடந்தாலே கால் கனத்து, உட்கார்ந்தால் சரியாகிறது என்றால் தண்டுவடப் பாதை சுருங்கியிருக்கலாம். மாதக்கணக்கில் பயிற்சி செய்தும் குறையவில்லை என்றால் அப்போது ஆபரேஷன் பற்றிப் பேசலாம். ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட்டு நேராக மதுரை கோரிப்பாளையத்தில் உள்ள அரசு பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, விழுந்த பிறகு வந்த வலி இவற்றையும் 'வயசான வலி' என்று தள்ளிப்போடாமல் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

காப்பீட்டில் அனுமதி வந்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால், பணம் கட்டுவதற்கு முன்பே 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லுங்கள். கட்ட வேண்டி வந்துவிட்டால் ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.